அந்தக் கலங்கரை விளக்கத்தைச் செய்தது நான்தான்

தொடக்கப் பள்ளிகளில் ‘புராஜெக்ட்’ கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு, என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கு எடுத்துச் சென்ற கலங்கரை விளக்கம் அவன் செய்ததல்ல. நான் செய்தது. இரவு ஒன்பதரை மணிக்குப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கும்போது பன்னிரண்டே முக்கால். சார்ட் அட்டையைச் சுருட்டி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஒட்டி, உச்சியில் பழைய டார்ச் பல்பைப் பொருத்தி, அடியில் தெர்மாகோலில் பாறைகூடச் செதுக்கியிருந்தேன். அவன் எப்போதோ தூங்கிப்போயிருந்தான். காலையில் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “தொடலாமா அம்மா?” என்று கேட்டான்.

முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள்” என்றான். கேலி செய்யவில்லை. ஏழு வயதில் அதெல்லாம் வராது. உண்மையாகவே பிழை நேர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறான்.

உங்களுக்கும் இது தெரியாததல்ல. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துகிறவர்கள் நீங்கள். ஏழு வயதுக் கை தெர்மாகோலை அவ்வளவு வழுவழுப்பாக வெட்டாது என்பதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். நாங்கள் செய்தோம் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். இந்த நாடகத்தில் எல்லோருக்கும் வசனம் இருக்கிறது, பிள்ளையைத் தவிர.

இந்த ஆண்டு ‘நம் ஊர் வீடு’. வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது; திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டுமாம். சனிக்கிழமை கடைக்குப் போனால் எங்களுக்கு முன்பே ஏழெட்டுப் பெற்றோர் நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தப் பள்ளி, எந்த வகுப்பு? சொன்னதும் உள்ளே போய் ஒரு குடிசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 250 ரூபாய். தென்னை மரத்தோடு வேண்டுமென்றால் 320. பக்கத்தில் பஞ்சு ஒட்டிய இக்லூ ஒன்றும் இருந்தது. பாளையங்கோட்டை வெயிலில் அதைப் பார்த்தபோது எனக்கே இரக்கமாக இருந்தது. ஐஸ்கிரீம் ஒருவரும் சாப்பிடாமலே புத்தம் புதிய ஐஸ் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். குப்பையில் கிடப்பதை எடுத்து விளையாடிய பொருளைக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு நாம் எப்போது வந்து சேர்ந்தோம் என்று தெரியவில்லை.

பையைத் திறக்கப் போன என் கையை மகன் பிடித்துக்கொண்டான். “நானே கட்டுகிறேன். இதைக் கட்டினவர் யாரென்றே தெரியாது.” கலங்கரை விளக்கத்தின் பலன் அது என்று நினைக்கிறேன்.

அவன் கட்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மடல் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் மாமியார் உடன்குடிப் பக்கத்துக்காரர். பனங்காட்டுக்குள் வளர்ந்தவர். பேரன் வீடு கட்டப் போகிறான் என்றதும் பரணிலிருந்து ஓரம் பிய்ந்த பழைய ஓலைப்பெட்டி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் உடைந்துவிடும். ஆச்சி அதைச் சொல்லவில்லை. நான்கைந்து ஓலை உடைந்த பிறகு, “தண்ணீரில் ஊறப் போட்டுப் பார்” என்றார், அவ்வளவுதான். சுவருக்குக் களிமண். முதல் சுவர் ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் காய்ந்து, பத்து மணிக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துவிட்டது. அழுகைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தான். ஆச்சி ஒரு தேங்காய் மட்டையை நீட்டினார். நாரைப் பிய்த்து, சின்னச் சின்னதாக வெட்டி மண்ணோடு பிசைந்தான். மண் காயும்போது சுருங்கும், நார் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கியது நான்தான். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது சுவர் வெடிக்கவில்லை என்பதைத்தான் அவன் பார்த்தான்.

பிறகு கூரை. மேலிருந்து ஓலையை அடுக்கிக்கொண்டு வந்தான். முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, நான் தடுப்பதற்குள், உச்சியில் ஊற்றிவிட்டான். வீட்டுக்குள் மழை. பிரித்துப் பார்த்தான். மேல் ஓலையின் நுனி கீழ் ஓலைக்கு அடியில் நுழைந்திருந்தது. கீழிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி உச்சி வரை மறுபடி வேய்ந்தான். அந்தப் பக்கத்தில் கூரை வேய்கிறவர்கள் காலங்காலமாக இறவாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அவன் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கண்டுபிடித்தான். இரண்டாவது டம்ளருக்கு ஒரு சொட்டு மட்டும் ஒழுகியது. “எங்கள் வீட்டில் இதைவிட அதிகமாக ஒழுகும்” என்று ஆச்சி சான்றளித்தார்.

முன்புறத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தென்னை ஈர்க்கில் நான்கு கால் நட்டு, மேலே சட்டம் கட்டி, நூலால் முடிச்சுப் போட்டான். அதுதான் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தினால் வலப்பக்கம் சாய்ந்தது. இருட்டிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை மாலை அது வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஒட்டியிருந்த தாளில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: ‘நேர்த்தி போதாது’. காட்சி மேசையில் நான்கு வீடுகள் இடம்பிடித்திருந்தன. புகைப்படத்தைக் குழுவில் பார்த்தேன். நான்கிலும் தென்னை மரம் ஒரே பக்கம் வளைந்திருந்தது.

சிவப்பு மையைப் பற்றிப் புகார் சொல்ல நான் வரவில்லை. தாழ்வாரம் சாய்ந்ததும் உண்மை. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாக ‘ஏன் சாய்ந்தது?’ என்று எழுதியிருக்கலாமே. ஓர் எழுத்துகூட அதிகமில்லை. நான்கு குச்சியை நான்கு மூலையில் கட்டினால் அந்தச் சதுரம் ஆடும். குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி இரண்டு முக்கோணமாக்கிவிட்டால் அசையாது. ரயில் பாலங்களின் இரும்புச் சட்டங்களில் குறுக்குக் கம்பி போவது அதனால்தான். கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, 1978 வாக்கில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனபோது தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் வைத்து இதைத்தான் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் குப்பையிலிருந்து பொம்மை செய்துகொண்டிருந்தவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய பொம்மைகளில் எதுவும் எங்கள் ஊர்க் கடையின் 320 ரூபாய் வீட்டளவுக்கு நேர்த்தியானதல்ல.

கைவேலை என்றதும் ‘அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்’ என்று தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கும் அலுப்புதான். பனை மட்டையின் கருக்கு என் உள்ளங்கையைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் நுங்கு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்திரை, வைகாசியில் நுங்கைத் தின்றுவிட்டு எறிகிற வெறுங்காய், எங்கள் பக்கத்தில் கூந்தல் என்போம், அது இரண்டு. நடுவே அச்சாக ஒரு குச்சி. தள்ளிக்கொண்டு ஓடக் கவைக் கம்பு ஒன்று. எந்தக் கூந்தல் வட்டமாக இருக்கிறது என்று பொறுக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். அச்சு நடுவில் குத்தப்படாவிட்டால் வண்டி நொண்டும். மாலையில் வண்டி அலுத்துவிட்டால் அந்தக் கூந்தலை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடலாம். ஓலைக் காற்றாடியும் அப்படித்தான். இரண்டு துண்டு ஓலையைக் குறுக்காகக் கோத்து, நட்ட நடுவில் உடைமுள்ளைச் செருக வேண்டும். மயிரிழை தள்ளிக் குத்தினாலும் சுற்றாது. சுற்றவில்லை என்றால் திட்டுவதற்கு யாரும் இல்லை. முள்ளைப் பிடுங்கி இன்னொரு ஓலையைக் கிழிப்போம். குருத்தோலை ஞாயிறு முடிந்த மதியம் எங்கள் தெருவில் சிலுவையாக மடித்த ஓலையெல்லாம் கிளியாகவும் பாம்பாகவும் உருமாறிவிடும். எந்த மதத்துப் பிள்ளை என்ற கணக்கெல்லாம் கிடையாது, ஓலை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மடிப்பார்கள். ஒருவரும் மதிப்பெண் போட்டதில்லை.

பனை இல்லாத அடுக்கு மாடியில் இருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே பார்சல் வந்த அட்டைப்பெட்டி மலையாகக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்து இறங்கிய நாளில் மெஷினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி மட்டும் ஒரு மாதம் வரை பஸ்ஸாகவும் டிக்கெட் கவுன்டராகவும் கடைசியில் சிறைச்சாலையாகவும் இருந்தது. நான் இருமுறை உள்ளே அடைபட்டேன்.

வீட்டுக்குள் நடக்கும் கைவேலையில் படிப்பும் கலந்துதான் இருக்கிறது. நாம்தான் அதைப் படிப்பென்று எண்ணுவதில்லை. ஆச்சி ஒயர் கூடை பின்னுவார். பிஸ்கட் கூடை, நெல்லிக்காய் கூடை, சிவன் கண் கூடை என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. அடித்தளத்தில் ஒரு முடிச்சு விட்டுப்போனால் பத்து வரிசை ஏறிய பிறகு கூடை ஒருபக்கம் இழுக்கும், அப்போது பத்து வரிசையையும் பிரிக்க வேண்டும். என் மகன் அவரிடம் உட்கார்ந்து சாதா முடிச்சைக் கற்றுக்கொண்டான். “ஆம்பிளைப் பிள்ளைக்கு எதற்குக் கூடை?” என்று கேட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆச்சி ஒரு பதில் சொன்னார். அதை அச்சில் போட முடியாது.

மார்கழியில் வாசலில் ஏழு புள்ளி வைத்து, ஊடுபுள்ளியாக நான்கு வரை இருபுறமும் குறைத்துக்கொண்டு போகிறோம். மொத்தம் எத்தனை புள்ளி? கோலப்பொடியோடு குனிந்திருக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஏழு, அதோடு ஆறும் ஐந்தும் நான்கும் இரண்டிரண்டு முறை. 37. இதே வாசல் கோலத்தைத்தான் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் எடுத்துக்கொண்டு, கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் அதை எழுதிக் காட்ட முடியும் என்று 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் கணினி ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள். நம் பள்ளிகளிலோ கோலம் என்றால் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் பெண் பிள்ளைகளை அனுப்பி வாசலில் போடச் சொல்வது.

இந்த இடத்தில் ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி, கைத்தொழில் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் 1953 நினைவுக்கு வரும். வர வேண்டும். ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார். காமராஜர் முதல்வரானதும் 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. என் மாமனாரின் அப்பா பனையேறியவர். மகன் பனையில் ஏறக் கூடாது என்பதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஓலை மடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்கும்போது, என்ன கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். பிழைப்புக்காக, வேறு வழியில்லாமல், பிறந்த வீட்டைப் பார்த்துத் திணிக்கப்படும் வேலை வேறு. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்து ஓலையையும் அட்டையையும் கலைத்துப் போட்டு விளையாடுவது வேறு. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் ஓலை கையை அறுக்கட்டும்.

தரையில் என்றதும் நினைவு வருகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08 வாக்கில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாய் விரித்து உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அந்தப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் தொங்கும். செயல்வழிக் கற்றலில் குறைகள் இருந்தன, ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பி எனக்குப் பிடித்திருந்தது. மேசையில் நான்கு பேருக்குத்தான் இடம். கம்பியில் எல்லோருக்கும் இடம் இருந்தது.

உங்கள் சங்கடமும் எனக்குக் கொஞ்சம் புரியும். என் தங்கை ஆசிரியை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நோட்டுகள், பதிவேற்ற வேண்டிய விவரங்கள், திடீரென்று வந்து நிற்கும் அதிகாரி. அவர் கண்ணில் முதலில் படுவது காட்சி மேசைதான். கோணல் வீடுகளை வைத்தால் ‘இந்த ஆசிரியை ஒன்றும் செய்யவில்லை’ என்பார். பெற்றோர்களும் சும்மா இருப்பதில்லை. தன் பிள்ளையின் வேலை பின்வரிசையில் இருந்தால் இரவு பதினொரு மணிக்குக் குழுவில் கேள்வி வரும். கடை வீட்டை வாங்கியது நாங்கள். கலங்கரை விளக்கத்தைச் செய்தது நான். குற்றத்தில் எங்கள் பங்குதான் பெரியது. எனவே சக பெற்றோர்களுக்கும் இதே மடலில் ஒரு வார்த்தை: கத்தரிக்கோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். மிகவும் கடினமாக இருக்கும். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை உடம்பெல்லாம் அரித்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதிரியை வீட்டில் செய்துவரச் சொல்லாமல் வகுப்பிலேயே செய்ய வையுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாட வேளை போதும். வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவின் பிள்ளைக்கும், கடையில் 320 ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அப்போதுதான் சமமான தரை கிடைக்கும். வகுப்பு மூலையில் ஒரு பெட்டி வைத்தால் அட்டை, நூல், தேங்காய் மூடி, தீப்பெட்டி, துணி வெட்டு என்று வாரம் முழுவதும் நாங்கள் நிரப்பித் தருகிறோம். தையல் கடைக்காரரிடம் கேட்டால் ஒட்டுத்துணி மூட்டையாகவே தருவார். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. பள்ளி மாதிரி அலங்காரத்தில் சேராது என்று யாரேனும் வாதிடலாம். படம் எடுத்து மறு வாரம் குப்பைக்குப் போகும் பொருளுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பொருளைக் கேட்காமல் கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள். உன் வீட்டில் யாருக்கு என்ன முடிச்சுப் போடத் தெரியும், கற்றுக்கொண்டு வா. பூ கட்டுகிற முடிச்சு, லாரியில் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு, தூளி முடிச்சு, வேட்டியின் இடுப்பு முடிச்சு என்று நாற்பது வீட்டிலிருந்து நாற்பது விதம் வரும். அதில் லாரி ஓட்டுநரின் மகள்தான் அன்றைக்கு வகுப்பில் ராணி. கடையில் முடிச்சு விற்பதில்லை என்பது கூடுதல் வசதி.

செய்தது கோணலாக வந்தால் எப்படிச் செய்தாய், எங்கே சிக்கல் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளையின் அழகான வீட்டை யார் செய்தார்கள் என்று உங்களுக்கே புரிந்துவிடும். அதைச் சபையில் சொல்லிக் காட்ட வேண்டாம், பிள்ளையின் தவறல்ல அது.

‘நம் ஊர் வீடு’ இப்போது எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறது. அண்மையில் பெய்த மழையில் இடப்புறச் சுவர் கொஞ்சம் கரைந்தது. தாழ்வாரத்துக்குக் குறுக்குக் குச்சி வைத்தாயிற்று. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள், நான் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எறும்புகள் குடிவந்திருக்கின்றன. வாடகை வசூலிப்பது குறித்து ஆச்சிக்கும் பேரனுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா,
பாளையங்கோட்டை

பின்குறிப்பு: சென்ற ஆண்டின் முதல் பரிசுச் சான்றிதழ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பெயரைத் திருத்தித் தருவதாக இருந்தால் கொண்டுவந்து கொடுக்கிறேன்.